முழுப்பரீட்சை லீவுல பனியன் கம்பெனிக்குப் போன பசங்க

திருப்பூர்ல வளர்ந்த யாரையாவது புடிச்சு, உன் கூட படிச்சவங்கள்ல பத்தாவதோட நின்னவங்க யார் யாருன்னு கேட்டுப் பாருங்க, வரிசையா பேர் சொல்லுவாங்க. அதுல நிறைய பேரு முழுப்பரீட்சை லீவுல பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டு ஜூன் மாசம் ஸ்கூல் திறந்தப்ப திரும்பி வராம விட்டவங்களா இருப்பாங்க. வீட்ல யாரும் படிக்காதேன்னு சொல்லிருக்க மாட்டாங்க. சும்மா வெயில்ல சுத்தறதுக்கு ரெண்டு மாசம் வேலைக்குப் போனா நோட்டு, யூனிபார்ம், செருப்பு வாங்க ஆகும்னுதான் அனுப்பிருப்பாங்க. சனிக்கிழமை சாயங்காலம் கவர்ல சம்பளம் வரும். பதினஞ்சு வயசுப் பையன் கையில வாராவாரம் ரொக்கம் வந்தா என்ன ஆகும்னு நான் தனியா சொல்லணுமா.

வளர்ப்பு, படிப்பு, அனுபவம் இதெல்லாம் ஒருத்தன் எதிர்காலத்த எப்படி மாத்துதுன்னு பெரிய பெரிய ஆளுங்க நிறைய பேசிட்டாங்க, எனக்குத் தெரிஞ்சது என் கதையும் எங்க பெரியம்மா பையன் கதையும் தான். ரெண்டு பேரும் ஒரே வருஷம் பொறந்தவங்க, ஒரே கிளாஸ், ஒரே லைன் வீட்டு வரிசைல எதிரெதிர் வாசல். எங்க ரெண்டு வீட்டுப் பெரியவங்களுமே தேனிப் பக்கத்துல இருந்து பொழைக்க வந்தவங்க. எங்கப்பா டையிங்ல (துணிக்கு சாயம் போடற பட்டறை), அம்மா செக்கிங்ல. பெரியப்பா அயர்னிங், பெரியம்மா பேக்கிங். ஏழ்மைல பெருசா வித்தியாசம் கிடையாது, ஒரே பாத்ரூமுக்கு ஒரே க்யூல நின்னவங்கதான். ஆனா இன்னிக்கு ரெண்டு பேரும் வேற வேற எடத்துல இருக்கோம், அது ஏன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தா ரொம்ப சின்ன சின்ன விஷயமாத்தான் கண்ணுல படுது.

2008ல பத்தாவது பரீட்சை முடிஞ்ச அடுத்த திங்கக்கிழமையே ரெண்டு பேரும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு (பெரிய கம்பெனிக்கு கூலிக்குத் தைச்சுக் குடுக்கற இடம்) கைமடி வேலைக்குப் போனோம். தெரியாதவங்களுக்கு சொல்றேன், ஓவர்லாக் (துணி ஓரத்தப் பின்னித் தைக்கற மெஷின்) அடிக்கற டெய்லர் பக்கத்துல ஒரு கவுத்துப் போட்ட பெட்டி மேல உக்காரணும், அவர் மெஷின்ல இருந்து பனியன் கை பீஸ் ஒண்ணோட ஒண்ணு நூல்ல தொங்கிட்டு மாலை மாதிரி வந்துக்கிட்டே இருக்கும், அத வெட்டி, பிசிறு எடுத்து, மேல்பக்கம் உள்பக்கம் பார்த்து அடுக்கி, வேஸ்ட் துணி கிழிச்சு டஜன் டஜனா கட்டி வைக்கணும். டெய்லருக்கு பீஸ் ரேட். நீங்க மெதுவானா அவருக்கு காசு போகும், அதனால வாய்ல வர்ற வார்த்தை எல்லாம் வரும். காலைல எட்டரைக்கு போனா ராத்திரி எட்டரை, ஒன்றரை ஷிப்ட். மூக்கு சிந்தினா அன்னிக்கு ஓடுன துணி என்ன கலரோ அந்த கலர்ல பஞ்சு வரும்.

பெரியம்மா பையனுக்கு கை ஓட்டம் ஜாஸ்தி. ரெண்டாவது வாரமே டீ டைம்ல டெய்லர் எந்திரிச்சுப் போனதும் அந்த சீட்ல உக்காந்து வேஸ்ட் துணில ஓட்டிப் பார்ப்பான். அந்த டெய்லர் அண்ணனும் நல்ல மனுஷன், திட்டாம சொல்லிக் குடுத்தார், டேய் காலுல எடுத்த உடனே அமுத்தாதே, துணிய இழுக்காதே அதுவா போகும்னு. மே மாசம் நடுவுல அவன் பேட்லாக் மெஷின்ல பனியனோட அடி மடிச்சுத் தைக்கற அளவுக்கு வந்துட்டான். எனக்கு அது வரவே இல்ல, நான் கட்டு கட்டறதோட சரி. இத நான் ஏன் சொல்றேன்னா, அவன் என்ன விட கெட்டிக்காரன். ஸ்கூல்லயும் கணக்குல அவன்தான் மேல. படிக்காம போனவன் எல்லாம் மண்டை இல்லாதவன்னு நினைக்கறவங்க ஒரு வாரம் வந்து பவர்டேபிள் யூனிட்ல (தையல் மெஷின் வரிசையா ஓடற இடம்) உக்காந்து பார்க்கணும்.

ஜூன்ல அவன் வரல. அந்த வருஷம் அவங்க அக்கா கல்யாணத்துக்கு வாங்கின கடன், நூத்துக்கு மூணு வட்டி, பெரியப்பா சம்பளம் வட்டிக்கே போச்சு. இவன் கொண்டு வந்த சனிக்கிழமை கவர் ஏப்ரல்லயே அந்தக் கணக்குக்குள்ள போயிடுச்சு. ஒரு தடவை வீட்டுச் செலவு கணக்குக்குள்ள பையன் சம்பளம் நுழைஞ்சுட்டா அப்புறம் அத வெளிய எடுக்கவே முடியாது, எடுத்தா அந்த மாசம் எதாவது ஒண்ணு நிக்கும். பெரியப்பாவ நான் குத்தம் சொல்லல. அவர் ஒரு நாளும் ஸ்கூல நிறுத்துன்னு சொன்னதில்ல, போன்னும் சொல்லல, அவ்வளவுதான்.

எங்க வீட்ல நடந்தது இதுதான். வேலைக்குச் சேர்ந்த முத நாளே எங்கம்மா கூட வந்து கான்ட்ராக்டர்கிட்ட நேரா சொல்லிட்டாங்க, "அண்ணே, மே முப்பத்தொண்ணு வரைக்கும்தான் வருவான், ஒண்ணாந்தேதி மெஷின் தீப்புடிச்சாலும் கூப்பிடக் கூடாது"ன்னு. அவர் சிரிச்சார். ஆனா மே கடைசி வாரம் ஷிப்மென்ட் அவசரம்னு ஆள் புடிச்சப்ப என்னைக் கேக்கல, பெரியம்மா பையனத்தான் கேட்டார், வாரத்துக்கு இவ்வளவு கூட்டித் தர்றேன்னு. முன்னாடியே தேதி சொல்லி வைக்கறதுல இவ்வளவு இருக்கு. இப்பவும் தெரிஞ்சவங்க பிள்ளைங்கள லீவுல வேலைக்கு அனுப்பறேன்னு சொன்னா நான் முதல்ல கேக்கறது எந்தத் தேதில நிக்கும்னு தான், ரெண்டாவது கேக்கறது அந்தக் காசு எங்க போகும்னு. எங்கம்மா என் கவர வாங்கி தனியா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சாங்க, அது அரிசிக்குப் போகல. நாங்க அந்த ரெண்டு மாசமும் முன்னாடி எப்படி சாப்பிட்டமோ அப்படியேதான் சாப்பிட்டோம், அதனால ஜூன்ல என் சம்பளம் நின்னப்ப வீட்ல எதுவும் நிக்கல.

(இப்ப எக்ஸ்போர்ட் கம்பெனில எல்லாம் பதினெட்டு ஆகாம கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க, ஆதார் பார்ப்பாங்க, பையர் (துணி வாங்கற வெளிநாட்டுக் கம்பெனி) ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவாங்கன்னு பயம். பதினாலு வயசுக்குக் கீழ எந்த வேலைக்குமே வைக்கக் கூடாதுன்னு 2016ல சட்டத்தையே திருத்திட்டாங்க. ஆனா சந்துக்குள்ள இருக்கற சின்ன யூனிட்டுக்கு ஆடிட்டும் வராது ஆபீசரும் வர மாட்டார்.)

எங்கம்மாவுக்கு எழுதத் தெரியாது. அதனால மளிகைக் கடை பாக்கி, சீட்டு, பால் எல்லாம் நான்தான் நோட்டுல எழுதணும், மூணாவது படிக்கறப்ப இருந்தே. சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு மேல அம்மா தரைல காசப் பரப்பி வைப்பாங்க, இது கடைக்கு, இது வாடகைக்கு, இது ஊருக்குன்னு, நான் எழுதிக்கிட்டே வருவேன். எனக்கு அப்ப அது பெரிய தொல்லை, வெளிய பசங்க கேரம் ஆடிட்டு இருப்பாங்க. ஆனா பத்து வயசுலயே ஒரு குடும்பம் ஓட எவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியும், மாசம் மூணு வட்டின்னா வருஷத்துக்கு முப்பத்தாறுன்னு தெரியும். அப்புறமா எஜுகேஷன் லோன் வாங்கப் போனப்ப பேங்க்ல வருஷத்துக்கு பன்னெண்டு பதிமூணுன்னதும் சொந்தக்காரங்க எல்லாம் ஐயோ கடனான்னு பதறினாங்க, எனக்கு பயமே வரல, நோட்டுல இருந்த வட்டிய விட அது எவ்வளவோ கம்மி. பிள்ளைங்ககிட்ட வீட்டுக் கஷ்டம் தெரியக் கூடாதுன்னு நிறைய அப்பா அம்மா மறைக்கறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அழுது புலம்பிக் காட்ட வேணாம், கணக்க காட்டலாம்.

அப்பா விஷயம் வேற. டையிங்ல நைட் ஷிப்ட் முடிச்சு வர்றப்ப சட்டைப் பாக்கெட்ல துணி பிட்டு ரெண்டு மூணு இருக்கும். லாட்டுக்கு லாட் (ஒரு தடவைக்கு சாயம் போடற துணி) ஷேட் மாறிடுச்சுன்னா முதலாளி சத்தம் போடுவார், அதனால இவர் விடிஞ்சதும் ஒரு தடவ வெளிச்சத்துல பார்த்துக்குவார். எங்க வாசல்ல நின்னு ரெண்டு பிட்டையும் மடிச்சு ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, என்னையும் கூப்பிட்டு எது செவப்பு ஓடுது எது மஞ்ச ஓடுதுன்னு கேப்பார். நான் உள்ள ட்யூப் லைட்ல பார்த்து ரெண்டும் ஒண்ணுதாம்ப்பான்னு சொன்னா, "ட்யூப் லைட்டு பொய் சொல்லும்டா, வெளிய வா"ன்னு இழுத்துட்டுப் போவார். வெளிய வந்து பார்த்தா ஒண்ணு கொஞ்சம் பச்சை அடிச்சிருக்கும். இது பாடம்னு அவரும் நினைக்கல நானும் நினைக்கல.

பத்தாவதுக்கு அப்புறம் பாலிடெக்னிக்னு ஒண்ணு இருக்குன்னு எனக்கு சொன்னது வாத்தியார் இல்ல, சொந்தக்காரங்க இல்ல, ஸ்கூல் கேட்டுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருந்த அக்கா. மார்க் ஷீட்ட ஜெராக்ஸ் எடுக்கப் போனேன், டெக்ஸ்டைல் டிப்ளமோ அப்ளிகேஷன் வந்திருக்கு, நேத்து ஒரு பையன் பூர்த்தி பண்ணி எடுத்துட்டுப் போனான், உங்கப்பா டையிங்தானே, நீ போட மாட்டியான்னு கேட்டாங்க. அந்தக் கடைல தினமும் ஊர்ல இருக்கற எல்லா அப்ளிகேஷனும் கண்ணாடி மேல படுத்து எந்திரிச்சுப் போகும், அதனால எந்த காலேஜ்க்கு எது கடைசித் தேதி, எதுக்கு எந்த சர்டிபிகேட் வேணும்னு அவங்களுக்கு அத்துப்படி. சாதிச் சான்று வாங்கிட்டியா, வருமானச் சான்று இல்லன்னா ஸ்காலர்ஷிப் கெடைக்காதுன்னு வரிசையா சொன்னாங்க. படிச்ச குடும்பத்துல இந்தத் தகவல் எல்லாம் சாப்பாட்டு நேரத்துலயே கெடைச்சுடும், சித்தப்பா சொல்லுவார், மாமா சொல்லுவார். எங்கள மாதிரி வீட்ல ஜெராக்ஸ் கடைல கெடைச்சாதான் உண்டு. பெரியம்மா பையன் மார்க் ஷீட் வாங்கினான், ஜெராக்ஸ் எடுக்கல. எடுக்க வேண்டிய வேலை அவனுக்கு இல்ல.

அந்தத் தகவல இங்க போட்டு வைக்கறேன், யாருக்காவது ஆகும். பத்தாவது முடிச்சா மூணு வருஷ டிப்ளமோ, அது முடிச்சா இன்ஜினியரிங்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம். ஐடிஐ முடிச்சவங்களும் சரி, பிளஸ் டூ முடிச்சவங்களும் சரி, டிப்ளமோல நேரா ரெண்டாம் வருஷம் சேர வழி இருக்கு. ஐடிஐல சில டிரேடுக்கு எட்டாவது பாஸ் போதும். பத்தாவதுல ஒரு பாடம் போச்சுன்னா அந்த வருஷமே துணைத் தேர்வு வரும், அதுல பாஸ் பண்ணினா அதே வருஷம் மேல படிக்கலாம், இது தெரியாமலே ரிசல்ட் அன்னிக்கு ராத்திரியே பையன வேலைக்கு சேர்த்து விட்ட வீடு எனக்குத் தெரிஞ்சு இருக்கு. அரசு பாலிடெக்னிக்ல பீஸ் சில ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுடும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூணையும் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே வாங்கி வச்சிருங்க, இப்ப இ-சேவை மையத்துலயே போடலாம், ஆனா மே மாசம் எல்லாரும் ஒண்ணா போடுவாங்க, சர்வர் படுத்துக்கும், விஏஓ ஊர்ல இருக்க மாட்டார், கடைசித் தேதி போயிடும்.

பாலிடெக்னிக் கோயமுத்தூர் பக்கம், சீசன் டிக்கெட்ல ட்ரெயின்ல போய் வருவேன். தமிழ் மீடியத்துல இருந்து போனதால முதல் செமஸ்டர் முழுக்க புக்கத் திறந்தா ஒரு பாராவுக்கு பத்து வார்த்தைக்கு டிக்‌ஷனரி. அதுக்கு நான் கண்டுபுடிச்ச வழி, முதல்ல மெஷின பார்த்துட்டு அப்புறம் புக்க படிக்கறது. துணி பின்னற நிட்டிங் மெஷின், சாயம் போடற சாப்ட் ப்ளோ, துணிய சுருக்கி அமுக்கற காம்பாக்டிங் எல்லாம் நான் சின்ன வயசுலயே பார்த்த சாமான், பேர் மட்டும் புதுசு. மூணாவது வருஷம் லேப்ல கலர் மேட்சிங் பெட்டியைத் திறந்து சார் ஒரே ஜோடி துணிய டி65 வெளிச்சத்துல ஒரு தடவை, டிஎல்84ல ஒரு தடவை காட்டினார், ஒண்ணுல ஒரே கலர், இன்னொண்ணுல வேற வேற, இதுக்கு பேரு மெட்டாமெரிசம்னு போர்டுல எழுதினார். டி65ன்னா பகல் வெளிச்சம், டிஎல்84ன்னா கடைல எரியற ட்யூப் லைட்டு மாதிரி. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. ஆறாவது வரைக்கும் படிச்ச எங்கப்பா வாசல்ல நின்னு சொன்னதுதான் இது, அவர் கையில அந்தப் பேரு மட்டும் இல்ல. பேரு இல்லாததால அவர் கடைசி வரைக்கும் மாஸ்டர் ஆகல, ஆபரேட்டராவே இருந்தார். படிப்பு என்ன தருதுன்னு கேட்டா நான் இதத்தான் காட்டுவேன், தெரிஞ்ச விஷயத்த இன்னொருத்தன் ஒத்துக்கற மாதிரி சொல்ல வைக்குது.

நான் கடைசி செமஸ்டர்ல இருக்கறப்ப, 2011 ஜனவரி கடைசில, ஹைகோர்ட் உத்தரவு வந்துச்சு, திருப்பூர் சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடச் சொல்லி. எழுநூறுக்கும் மேல யூனிட். நொய்யல் ஆறு எப்படி இருந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும், சின்ன வயசுல பாலத்துல நின்னு இன்னிக்கு எந்த கலர் ஓடுதுன்னு பார்த்து ஊர்ல எந்த ஆர்டர் ஓடுதுன்னு சொல்லுவோம். ஒரத்துப்பாளையம் டேம்ல தேங்கின சாயத் தண்ணியால கீழ இருந்த விவசாயிங்க நெலமே போச்சு. அவங்க கேஸ் போட்டது நூத்துக்கு நூறு நியாயம். எங்கப்பாவுக்கு மறுநாள்ல இருந்து வேலை இல்ல, அதுவும் உண்மை. லைன் வீட்ல பாதி கதவு பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாங்க. அப்பா ஒரு குடோன்ல மூட்டை எறக்கப் போனார், வயசான காலத்துல இடுப்ப புடிச்சுக்கிட்டு வருவார்.

அப்ப என் எக்ஸாம் பீஸக் கட்டினது யாருன்னு நினைக்கறீங்க, பெரியம்மா பையன். அவன் அப்ப ஓவர்லாக் டெய்லர், நல்ல சம்பாத்தியம். சனிக்கிழமை கவரப் பிரிக்காம அப்படியே என் கையில குடுத்தான், "ரெண்டு பேர்ல ஒருத்தனாவது முடிடா"ன்னான். அதனால இவன் படிச்சான் ஜெயிச்சான், அவன் படிக்கல தோத்தான்னு இந்தக் கதைய யாராவது சொன்னா எனக்குக் கோபம் வரும்.

லேட்டரல் என்ட்ரிக்கு (டிப்ளமோ முடிச்சு இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷத்துல நேரா சேரறது) காரைக்குடில கவுன்சிலிங், போயிட்டு வந்தோம். முதல் பட்டதாரி சலுகை அப்பதான் ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்துச்சு, குடும்பத்துலயே முதல் ஆளா டிகிரி படிச்சா டியூஷன் பீஸ அரசாங்கம் ஏத்துக்கும். ஆனா வீட்ல ஒரு பிள்ளைக்குத்தான், அண்ணன் வாங்கிட்டா தம்பிக்கு கெடையாது. ஹாஸ்டல், புக்கு, மத்ததுக்கு பேங்க் லோன். ஒரு பிராஞ்ச்ல ரெண்டு மாசம் அலைய விட்டாங்க, ஜாமீனுக்கு சொத்துப் பத்திரம் கொண்டா, இல்லன்னா கவர்மென்ட் வேலைல இருக்கறவர கையெழுத்துப் போட கூட்டிட்டு வான்னு. நாலு லட்சம் வரைக்கும் கல்விக் கடனுக்கு சொத்து ஜாமீனும் வேணாம் வெளியாள் ஜாமீனும் வேணாம், அப்பா அம்மா சேர்ந்து கையெழுத்துப் போட்டா போதும், அப்பவும் விதி அதுதான். இத காலேஜ் ஆபீஸ்ல ஒருத்தர் சொல்லி விட்டார், அதோட இன்னொண்ணும் சொல்லிக் குடுத்தார், சண்டை போடாதே, சார் தர முடியாதுன்னா காரணத்த எழுதிக் குடுங்கன்னு மட்டும் கேளுன்னு. கேட்டேன். மேனேஜர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், பைல எடுத்து வச்சுட்டு அடுத்த வாரம் வான்னார். கெடைச்சது.

லோன்ல இன்னும் ஒண்ணு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்குள்ள இருந்தா, படிக்கற காலத்துலயும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் ஆகற வட்டிக்கு மத்திய அரசு மானியம் இருக்கு, தொழிற்கல்விக்கு. அது தானா வராது, வருமானச் சான்ற பேங்க்ல குடுத்து கேட்டு வாங்கணும். என் கூட படிச்சதுல ஒருத்தன் கேக்காம விட்டு, படிச்சு முடிக்கறப்ப அசல விட பெரிய தொகையா நின்னுச்சு. விண்ணப்பம் இப்ப வித்யாலட்சுமி போர்ட்டல்ல ஆன்லைன்லயே போடலாம், அதுல போட்டா பேங்க் என்ன பதில் சொன்னாங்கன்னு பதிவும் இருக்கும்.

2014ல முடிச்சேன். முதல் வேலை ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில டிரெய்னி மெர்ச்சண்டைசர் (பையருக்கும் கம்பெனிக்கும் நடுவுல ஆர்டரப் பார்த்துக்கற வேலை). இன்டர்வியூல மூணு ஸ்வாட்ச் (துணி பிட்டு) குடுத்து எது பையர் ஓகே பண்ணின கலருக்கு பக்கமா இருக்குன்னு கேட்டாங்க, நான் எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போனேன். உள்ள இருந்த பெரியவர் மார்க் ஷீட்ட மூடி வச்சுட்டார். ஆனா சம்பளத்தக் கேட்டா சிரிப்பீங்க, பெரியம்மா பையன் ஓவர்லாக்ல வாங்கினதுல பாதி கூட இல்ல. ரெண்டு மூணு வருஷம் அப்படித்தான் போச்சு. சொந்தத்துல ஒரு கல்யாண வீட்ல என்னை முன்னாடி வச்சுக்கிட்டே ஒருத்தர் சொன்னார், இதுக்கு ஆறு வருஷம் படிக்கணுமான்னு. படிப்பு முடிச்ச உடனே பணமா திரும்பி வரும்னு பிள்ளைங்களுக்கு சொல்லி வளர்க்காதீங்க, வரலன்னா அவன் படிப்பையே வெறுப்பான். எனக்கு சம்பளம் ஏறினது மெயில்ல பையருக்கு நானே பதில் எழுத ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான். அந்த இங்கிலீஷ் கிளாஸ்ல வரல, பழைய ஆர்டர் பைல்ல இருந்த மெயில்கள ராத்திரி உக்காந்து படிச்சு, சாம்பிள் லேட்டானா எப்படி எழுதறாங்க, ஷேட் ரிஜெக்ட் ஆனா எப்படி எழுதறாங்கன்னு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டதுல வந்துச்சு. நோட்டு எழுதற பழக்கம் எங்கிருந்து வந்துச்சுன்னு மேலயே சொல்லிட்டேன்.

அவன் பக்கம் என்னாச்சுன்னா, டெய்லர்ல இருந்து கான்ட்ராக்ட் எடுத்தான், பத்துப் பதினஞ்சு மெஷினுக்கு ஆள் வச்சு ஓட்டினான். 2016 நவம்பர்ல நோட்டு செல்லாதுன்னதும் சனிக்கிழமை கூலி குடுக்க ரொக்கம் இல்ல, ஆளுங்க போயிட்டாங்க. அதுல இருந்து எந்திரிக்கறதுக்குள்ள அடுத்த வருஷம் ஜிஎஸ்டி, பில் போடத் தெரியாம ஒரு ஆடிட்டர்கிட்ட காச விட்டான். 2020 லாக்டவுன்ல கடைசியா இருந்த மெஷின வித்தான். இப்ப சாம்பிள் டெய்லரா (பையருக்குக் காட்ட முத பீஸ் தைக்கறவர்) இருக்கான், திருப்பூர்ல நல்ல சாம்பிள் டெய்லருக்கு மரியாதை ஜாஸ்தி, சம்பளமும் மோசமில்ல. ஆனா கழுத்து எலும்பு தேஞ்சுடுச்சு, மணிக்கணக்கா குனிஞ்சே உக்காந்த உடம்பு. அவன் வேலை பார்த்த அத்தனை வருஷத்துல பிஎஃப் கெடையாது, இஎஸ்ஐ (வைத்தியத்துக்கான காப்பீடு) கெடையாது, எல்லாம் கான்ட்ராக்ட்ல கையில வாங்கின காசு. அவன் சம்சாரம் வேலை பார்க்கற கம்பெனில இஎஸ்ஐ இருந்ததால அந்தக் கார்டுல வைத்தியம் பார்த்தான், இல்லன்னா மறுபடி மூணு வட்டிதான். சின்ன வயசுலயே வேலைக்குப் போக வேண்டிய நெலமை இருக்கற பிள்ளைங்களுக்கு நான் சொல்றது, பதினெட்டு ஆனதும் பிஎஃப் இஎஸ்ஐ புடிக்கற கம்பெனியா பார்த்துப் போங்க, கையில வாரம் ஐநூறு கம்மியா வந்தாலும் பரவாயில்ல.

பொண்ணுங்க கதை இன்னும் மோசமா இருந்துச்சு. எங்க ஊர்ப் பக்கத்துல இருந்து ஸ்பின்னிங் மில்லுக்கு சுமங்கலி திட்டம்னு கூட்டிட்டு வருவாங்க, மூணு வருஷம் ஹாஸ்டல்லயே இருந்து வேலை பார்த்தா முடிவுல கல்யாணத்துக்கு மொத்தமா ஒரு தொகைன்னு. பாதில உடம்பு முடியாம போனவங்களுக்கு அந்தத் தொகையும் இல்ல. அத நினைச்சா, 2022ல தாலிக்குத் தங்கம் குடுத்துட்டு இருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்த மாத்தி, காலேஜ் படிக்கற பொண்ணுக்கு மாசம் ஆயிரம்னு புதுமைப்பெண் ஆக்கினாங்க பாருங்க, அது எனக்கு ரொம்பப் புடிச்ச மாற்றம். கல்யாணத்துக்குக் குடுத்த காசு படிப்புக்குத் திரும்பிச்சு. டிப்ளமோ, ஐடிஐக்கும் உண்டு. பசங்களுக்கும் 2024ல தமிழ்ப்புதல்வன்னு வந்துடுச்சு. ஆயிரம் ரூபால என்ன ஆகும்னு கேக்கறவங்க ஒரு பையன் பஸ்ஸுக்கும் டீக்கும் வீட்டுல கை நீட்ட வெக்கப்பட்டே காலேஜ விட்டத பார்த்ததில்ல.

இப்ப எங்க ரெண்டு பேருக்கும் நடக்கற சண்டையே அவன் பொண்ணப் பத்திதான். அஞ்சாவது வரைக்கும் கார்ப்பரேஷன் ஸ்கூல், ஆறாவதுக்கு ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல சேர்க்கணும்னு நிக்கறான், டை கட்டிட்டு போகணும், இங்கிலீஷ் பேசணும். நான் என்ன சொல்றேன்னா, ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சாதான் அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்குன்னு இருக்கற 7.5 சதவீத இட ஒதுக்கீடு, அந்த மாசம் ஆயிரத்துக்கும் அரசுப் பள்ளி இல்லன்னா அரசு உதவி பெறும் பள்ளித் தமிழ் மீடியம் வேணும். அந்த ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020லயும் இன்ஜினியரிங், விவசாயம், சட்டம் இதுக்கெல்லாம் 2021லயும் வந்தது. அந்த ஒதுக்கீட்டுல இன்ஜினியரிங் சேர்ந்தா டியூஷன் பீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கமே கட்டுது. நடுவுல ரெண்டு வருஷம் பீஸ் கட்டி பிரைவேட்ல படிச்சாலும் போச்சு. ஆறாவது சேர்க்கறப்ப பன்னெண்டாவது பத்தி யார் யோசிக்கறா, ஆனா அங்கதான் முடிவாகுது. அந்த மெட்ரிக் ஸ்கூல் பீஸ மாசாமாசம் பேங்க்ல ஒரு ஆர்டி சேமிப்புல போட்டாலே காலேஜ்க்கு ஆகும்னு கணக்கு எழுதியே காட்டினேன்.

அவன் அத வாங்கிப் பார்த்துட்டுத் திருப்பிக் கேட்டான், "கணக்கெல்லாம் சரிடா, நீ சொல்ற ஸ்கூல்ல கணக்கு டீச்சர் இருக்காங்களான்னு போய்ப் பார்த்தியா? போன வருஷம் பாதி வரைக்கும் போஸ்ட்டே காலியாம்"ன்னு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஏன்னா நான் போய்ப் பார்க்கல. எங்க வீட்டுப் பக்கம் ரெண்டு அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கு, இன்னொண்ணுல ஸ்டாப் எல்லாம் இருக்காங்க, லேப் திறந்து பிள்ளைங்கள தொட விடறாங்கன்னு கேள்வி. அவன் பொண்ணு கிட்ட யாரும் இன்னும் கேக்கல, அவளுக்கு எந்த ஸ்கூல்னாலும் சரி, தோழி ஒருத்தி வரணும். வர்ற திங்கக்கிழமை அவனுக்கு லீவு, நான் அரை நாள் பர்மிஷன் போட்டிருக்கேன், மூணு பேருமா ரெண்டு ஸ்கூலுக்கும் போயி ஆபீஸ்ல இல்லாம நேரா கிளாஸ் பக்கம் நின்னு பார்த்துட்டு வரலாம்னு இருக்கோம்.